டிரைவ் டிரிப் ஆகிறதா, ஐஜிபிடி வெடித்துவிட்டதா? பவர் பகுதிப் பழுதுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

415 வோல்ட் மூன்று பேஸில் ஓடி, ஏசி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களுக்கான பக்கம் இது. வீட்டில் பேட்டரியோடு இருக்கும் இன்வெர்ட்டர் வேறு கதை. பாராமீட்டர், பிஎல்சி, கம்யூனிகேஷன் தகராறுகளும் இங்கே வராது. ரெக்டிஃபையர், கெப்பாசிட்டர், ஐஜிபிடி என்னும் பவர் சுவிட்ச், அதை ஆட்டி வைக்கும் கேட் டிரைவர், இவ்வளவுதான். சர்வீஸ் பெஞ்சுக்கு வரும் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையே எடுத்திருக்கிறேன்.

பவர் பகுதி என்று எதைச் சொல்கிறீர்கள்?

உள்ளே வரும் ஆர், எஸ், டி மூன்று பேஸும், ஏசியை டிசியாக்கும் ஆறு டையோடு கொண்ட ரெக்டிஃபையருக்குப் போகின்றன. 415 வோல்ட்டின் உச்சம் சுமார் 587. அதனால் டிசி பஸ்ஸில் லோடைப் பொறுத்து 560 முதல் 590 வோல்ட் வரை நிற்கும். அதைத் தேக்கிவைக்கக் கெப்பாசிட்டர்கள். கெப்பாசிட்டர் காலியாக இருக்கும்போது மொத்தக் கரண்டும் ஒரேயடியாகப் பாயாமல் தடுக்க ஒரு பிரீசார்ஜ் ரெசிஸ்டர். சார்ஜ் ஆனதும் அதைத் தாண்டிவிட ஒரு ரிலே அல்லது கான்டாக்டர். அதற்குப் பிறகு, டிசியை மறுபடி ஏசியாக்க ஆறு ஐஜிபிடி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஃப்ரீவீலிங் டையோடு. இந்த வோல்டேஜ் வகுப்பில் பெரும்பாலும் 1200 வோல்ட் ஐஜிபிடிகள். வெளியே மோட்டாருக்குப் போவது யு, வி, டபிள்யூ.

மெயின் சுவிட்சை அணைத்த உடனே கவரைத் திறக்கலாமா?

கூடாது. டிரைவின் மேல் 5 நிமிடம், 10 நிமிடம், 15 நிமிடம் என்று ஒட்டியிருக்கும் காத்திருப்பு நேரம் அலங்காரத்துக்கு இல்லை. 2000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 580 வோல்ட்டில் 330 ஜூலுக்கு மேல் வைத்திருக்கும். உயிரை எடுக்க அது தாராளம்.

சார்ஜ் விளக்கு அணைந்துவிட்டது என்பதை நம்பாதீர்கள். அந்த எல்இடியே செத்திருக்கலாம். காத்திருந்துவிட்டு, 1000 வோல்ட் CAT III பாதுகாப்புத் தரமுள்ள மீட்டரால் பஸ்ஸின் பிளஸ், மைனஸ் இடையே அளந்து பாருங்கள். வோல்டேஜ் இறங்கவே இல்லையென்றால் கெப்பாசிட்டரைத் தானாக இறக்கும் பிளீடர் ரெசிஸ்டர் அறுந்திருக்கும். அப்போது 1 கிலோஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் பிடியோடு வைத்து இறக்குங்கள். மேலே சொன்ன கெப்பாசிட்டர் சுமார் 10 வினாடியில் இறங்கிவிடும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்பவர்களை இன்னும் பார்க்கிறேன். முனை உருகிப் போவதோடு கெப்பாசிட்டரின் உள் இணைப்பும் கெடும்.

இன்னொன்று. பெர்மனென்ட் மேக்னட் மோட்டார் இணைந்திருந்தால், அது காற்றிலோ தண்ணீர் ஓட்டத்திலோ சுற்றினாலே யு, வி, டபிள்யூவில் வோல்டேஜ் வரும். மெயினை அணைத்தது அங்கே உதவாது.

டிஸ்ப்ளேயில் "ஓவர் கரண்ட்" வருகிறது. ஐஜிபிடி போய்விட்டது என்று அர்த்தமா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். கோடு என்ன என்பதைவிட அது *எப்போது* வருகிறது என்பதே எனக்கு முக்கியம். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: யாஸ்காவாவில் ஓசி, சீமென்ஸ் சினாமிக்ஸில் எஃப் 30001, டான்ஃபாஸ் எஃப்சி வரிசையில் அலாரம் 13 ஓவர் கரண்ட், 16 ஷார்ட் சர்க்யூட். மிட்சுபிஷி மட்டும் நமக்கு வேலையைச் சுலபமாக்கி, வேகம் ஏறும்போது வந்தால் இ.ஓசி1, சீராக ஓடும்போது இ.ஓசி2, இறங்கும்போது இ.ஓசி3 என்று பிரித்தே காட்டுகிறது.

மற்ற டிரைவ்களில் இந்தப் பிரிப்பை நாமே செய்துகொள்ள வேண்டும். முதலில் மோட்டார் கேபிளை டிரைவ் டெர்மினலிலேயே கழற்றுங்கள். வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் ஒரே விகிதத்தில் ஏற்றும் வி/எஃப் மோடில் வைத்து ரன் கொடுங்கள். வெக்டர் மோடில் மோட்டார் இல்லாமல் ஓட்டினால் "அவுட்புட் பேஸ் இல்லை" என்று வேறொரு கோடு வந்து குழப்பும்.

கேபிள் இல்லாமலும் ரன் கொடுத்த கணமே டிரிப் ஆனால் பழுது டிரைவுக்குள்: ஐஜிபிடி, கேட் டிரைவர், அல்லது கரண்ட் சென்சார். பவர் கொடுத்ததுமே, ரன் கொடுக்காமலே வந்தால் சென்சார் மீதோ டிரைவர் போர்டு மீதோ சந்தேகம் கூடும். கேபிள் இல்லாதபோது நன்றாக ஓடி, மாட்டியதும் டிரிப் ஆனால் கேபிளையும் மோட்டாரையும் பாருங்கள். சில வினாடி ஓடி, ஏறும்போது மட்டும் வந்தால் ஆக்சிலரேஷன் டைம், டார்க் பூஸ்ட், பேரிங், இறுகிப்போன லோடு என்று தேட வேண்டும். டிரைவைத் திறக்கவே அவசியம் இருக்காது. "டிரைவ் போச்சு" என்று பெஞ்சுக்கு வருவதில் கணிசமானவை இந்தக் கடைசி வகைதான்.

மல்டிமீட்டரை மட்டும் வைத்து எப்படிச் சோதிப்பது?

பஸ் வோல்டேஜ் பூஜ்யம் என்று உறுதி செய்த பிறகு, உள்ளே வரும் கேபிள், வெளியே போகும் கேபிள் இரண்டையும் கழற்றுங்கள். மீட்டரை டையோடு மோடில் வையுங்கள்.

சிவப்பு முனை பஸ் மைனஸில், கருப்பு முனை யு, வி, டபிள்யூவில் வரிசையாக. கீழ்ப்பக்கத்து மூன்று டையோடும் 0.3 முதல் 0.5 வோல்ட் காட்ட வேண்டும். அடுத்து கருப்பை பஸ் பிளஸில் வைத்து, சிவப்பை யு, வி, டபிள்யூவில் வையுங்கள். அதே மதிப்பு மேல்பக்கத்துக்கு. முனைகளை மாற்றினால் ஓப்பன் காட்ட வேண்டும். கெப்பாசிட்டர் இருப்பதால் ரீடிங் மெதுவாக ஏறிப் போய் ஓப்பன் ஆகலாம், அது தவறில்லை. இதே வேலையை ஆர், எஸ், டியிலும் செய்தால் ரெக்டிஃபையர் முடிந்தது. பெரிய டிரைவ்களில் ரெக்டிஃபையரின் மேல்பாதி, கேட் சிக்னல் வந்தால் மட்டும் கடத்தும் எஸ்சிஆராக இருக்கும். அங்கே இரண்டு திசையிலும் ஓப்பன்தான் வரும், பதற வேண்டாம்.

எண்ணைவிட ஒற்றுமையைப் பாருங்கள். மூன்று பேஸும் 0.38 காட்டினால் நல்லது. இரண்டு 0.38, ஒன்று 0.29 என்றால் அந்த ஒன்றை நான் விடமாட்டேன். பூஜ்யம் என்றால் ஷார்ட். இரண்டு திசையிலும் ஓப்பன் என்றால் மாட்யூலுக்குள் பாண்ட் வயர் அறுந்திருக்கிறது.

இந்தச் சோதனையில் எல்லாம் சரி. ஆனாலும் ரன் கொடுத்தால் டிரிப் ஆகிறதே?

டையோடு மோட் சோதிப்பது டையோடையும், முழுக்க ஷார்ட் ஆன ஐஜிபிடியையும் மட்டும்தான். கேட் உயிரோடு இருக்கிறதா என்று அது சொல்லாது. ஐஜிபிடி திறக்க, அதாவது கலெக்டரிலிருந்து எமிட்டருக்குக் கரண்ட் பாய விட, கேட்டில் சுமார் 5, 6 வோல்ட்டாவது வேண்டும். மீட்டர் கொடுப்பது 3 வோல்ட் அளவில்.

மாட்யூலைக் கழற்றிய பிறகு 9 வோல்ட் பேட்டரி போதும். சிவப்பு கலெக்டரில், கருப்பு எமிட்டரில்: ஓப்பன். பேட்டரியின் பிளஸ்ஸைக் கேட்டிலும் மைனஸை எமிட்டரிலும் தொடுங்கள்: மீட்டர் ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். பேட்டரியை எடுத்த பிறகும் அது இறங்கியபடியே நிற்பதுதான் நல்ல அடையாளம். கேட் தன்னிடம் உள்ள சார்ஜைப் பிடித்து வைத்திருக்கிறது, கசியவில்லை. கேட்டையும் எமிட்டரையும் ஷார்ட் செய்தால் மறுபடி ஓப்பன். பேட்டரியை எடுத்ததும் தானாக ஓப்பனுக்குத் திரும்பினால் கேட் கசிகிறது, அந்த மாட்யூல் வேண்டாம்.

கையில் எடுக்கும்போது எர்த் பட்டை அவசியம். கேட் தாங்குவது பிளஸ் மைனஸ் 20 வோல்ட். உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் அதைவிடப் பல மடங்கு.

புது மாட்யூல் போட்டேன். ஸ்டார்ட் செய்த உடனே மறுபடி வெடித்தது. டூப்ளிகேட் மாட்யூலா?

டூப்ளிகேட்டும் சந்தையில் உண்டு; மேலே எழுத்தைச் சுரண்டி மறுபடி அச்சடித்தவையும் உண்டு. ஆனால் முதல் சந்தேகம் அங்கே போகக் கூடாது. ஐஜிபிடி பெரும்பாலும் அடிபடுகிற பொருள்; அடித்தது வேறொன்று. எது அடித்தது என்று தெரியாமல் புது மாட்யூல் போடுவது வீண் செலவு.

உள்ளே நடப்பது இது. ஐஜிபிடி ஷார்ட் ஆகும்போது கலெக்டரும் கேட்டும் ஒன்றாகிவிடுகின்றன. 580 வோல்ட் அப்படியே கேட் வழியாக டிரைவர் போர்டுக்குள் இறங்குகிறது. கேட் ரெசிஸ்டர் கருகும், கேட்டைக் காக்கும் ஜீனர் ஷார்ட் ஆகும், ஆப்டோகப்ளர் சாகும். சில நேரம் ரெசிஸ்டர் பார்வைக்கு நன்றாக இருக்கும், அளந்தால் மதிப்பு ஏறியிருக்கும். இந்த நிலையில் புது ஐஜிபிடி போட்டால் அதன் கேட் அந்தரத்தில் தொங்குகிறது. எதிர் ஐஜிபிடி திறக்கும்போது வரும் வோல்டேஜ் ஏற்றத்தில் இதுவும் பாதி திறக்கும். மேலும் கீழும் ஒரே நேரம் திறந்தால் பஸ் ஷார்ட்.

ஆகவே ஒரு சானல்தான் எரிந்தது என்றாலும் ஆறையும் சோதியுங்கள். ஆறும் ஒரே அச்சு என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது: கேட் ரெசிஸ்டர், கேட்டுக்கும் எமிட்டருக்கும் இடையே உள்ள ரெசிஸ்டன்ஸ், ஜீனரின் ரீடிங். பிறகு மாட்யூல் இல்லாமல் கன்ட்ரோல் சப்ளை மட்டும் கொடுத்து, ரன் இல்லாத நிலையில் ஒவ்வொரு கேட்டிலும் டிசி வோல்டேஜ் பாருங்கள். நடுத்தர, பெரிய டிரைவ்களில் மைனஸ் 5 முதல் மைனஸ் 15 வரை ஏதாவது ஒரு மதிப்பு நிற்கும். சில சிறியவற்றில் பூஜ்யம். எதுவானாலும் ஆறும் ஒன்றாக இருக்க வேண்டும். ரன் கொடுத்தால் பிளஸ் 15 வரை சுத்தமாக ஏறி இறங்க வேண்டும்.

இதில் பலர் தவறவிடும் பொருள், டிரைவர் சப்ளையில் இருக்கும் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், விரல் நுனி அளவு. ஹீட்சிங்க் பக்கத்திலேயே இருந்து சில வருடத்தில் காய்ந்துவிடும். காய்ந்தால் கேட் 15 வோல்ட்டுக்குப் பதிலாக 10, 11 என்று தள்ளாடும். ஐஜிபிடி முழுதாகத் திறக்காமல் சூட்டில் வேகும். லோடு இல்லாமல் பெஞ்சில் அருமையாக ஓடிய டிரைவ் ஃபேக்டரியில் போய் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய டிரைவ் பெஞ்சுக்கு வந்தால் இவற்றைக் கேள்வியே இல்லாமல் மாற்றிவிடுவது என் வழக்கம்.

அடுத்து டிசாச்சுரேஷன் பாதுகாப்பு. நல்ல டிரைவர் ஐசி, ஐஜிபிடி திறந்திருக்கும்போது அதன் கலெக்டர் வோல்டேஜைக் கவனித்துக்கொண்டே இருக்கும். சுமார் 7 வோல்ட்டைத் தாண்டினால் சில மைக்ரோசெகண்டில் அணைத்துவிடும். பல ஐஜிபிடிகள் ஷார்ட்டைத் தாங்குவது 10 மைக்ரோசெகண்ட் வரைதான். அந்த உணர்வுக் கோட்டில் இருக்கும் ஹை வோல்டேஜ் டையோடு முந்தைய வெடிப்பில் போயிருந்தால் டிரைவ் காரணமில்லாமல் டிரிப் ஆகலாம், அல்லது காப்பாற்ற வேண்டிய நேரத்தில் காப்பாற்றாமல் போகலாம்.

ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்ப்பவர்களுக்கு: டிஃபரன்ஷியல் புரோப் இல்லாமல் கைவைக்காதீர்கள். மேல்பக்க மூன்று சானலுக்கும் தனித்தனி ரெஃபரன்ஸ். சாதாரண புரோபின் எர்த் கிளிப்பை எமிட்டரில் மாட்டினால் ஸ்கோப், டிரைவ் இரண்டும் போகும்.

அப்படியானால் முதல் ஐஜிபிடியை அடித்தது எது?

வெளியிலிருந்து வருபவை: டைரக்ட் ஸ்டார்ட்டரில் ஓடிய மோட்டாருக்கு டிரைவ் போட்டுவிட்டு, அதன் டெர்மினலில் பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டரைக் கழற்ற மறந்துவிடுவது. ஒவ்வொரு ஸ்விட்ச்சிங்குக்கும் அது ஷார்ட் போலவே கரண்ட் இழுக்கும். பைபாஸ் கான்டாக்டருக்கு மெக்கானிக்கல் இன்டர்லாக் இல்லாமல் மெயின் சப்ளை யு, வி, டபிள்யூவில் ஏறிவிடுவது. அதில் தப்பிய டிரைவை நான் பார்த்ததில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது அவுட்புட் கான்டாக்டரைத் திறந்து மூடுவது. மோட்டார் டெர்மினல் பாக்ஸில் மழைத் தண்ணீர்.

உள்ளே: பஞ்சாலைகளில் ஹீட்சிங்க் முழுக்கப் பஞ்சு அடைத்து நிற்கும். மழைக்காலத்தில் நின்றுபோன பேனலில் ஈரம் படிந்து, அந்தப் பஞ்சே கரண்ட் பாயும் வழியாகிவிடும். பல்லி, எறும்பு ஆகியவற்றைப் பற்றி மேனுவலில் எழுதியிருக்காது. ஆனால் பஸ்பார் நடுவே கருகிய பல்லியைப் பார்க்காத சர்வீஸ் ஆள் நம் ஊரில் இருக்க மாட்டார். கேபிள் நுழையும் ஓட்டைகளில் கிளாண்ட் போடுங்கள்.

லோடு ஏற்றினால் மட்டும் அண்டர் வோல்டேஜ் வருகிறது. ஈபி சப்ளை நன்றாகத்தான் இருக்கிறது.

பிரீசார்ஜ் ரிலே ஒட்டவில்லை. மொத்த லோடு கரண்டும் அந்தச் சின்ன ரெசிஸ்டர் வழியாகப் போகப் பார்க்கிறது, பஸ் இறங்குகிறது. விட்டால் ரெசிஸ்டர் எரிந்து டிரைவ் உயிரே இல்லாமல் போகும். அப்போது ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் அதுவும் எரியும். ரிலே காயிலுக்குச் சப்ளை வருகிறதா, கான்டாக்ட் கருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்ப்பழுதும் உண்டு. ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டால் பவர் கொடுக்கும்போதெல்லாம் ஃபியூஸ் போகும். மெயின் கான்டாக்டரை ஆன், ஆஃப் செய்தே மோட்டாரை ஓட்டி நிறுத்தும் இடங்களில் இந்த இரண்டும் சகஜம். அதற்குத்தான் ரன் டெர்மினல் இருக்கிறது.

ரிலே நன்றாக இருந்தால் உள்ளே வரும் மூன்று பேஸையும் லோடோடு அளந்து பாருங்கள். மூன்றும் இருக்கும்போது பஸ்ஸின் ரிப்பிள் 300 ஹெர்ட்ஸ். ஒன்று போனால் 100 ஹெர்ட்ஸ் ஆகி, ஏற்ற இறக்கம் பல மடங்காகும். கெப்பாசிட்டர் சூடாகிச் சாவதும் அப்படித்தான்.

ஓவர் வோல்டேஜ்?

இந்த வகுப்பில் பஸ் 800 வோல்ட்டை ஒட்டி ஏறினால் டிரிப். நிறுத்தும்போது வந்தால் டிசலரேஷன் டைமைக் கூட்டுங்கள், பிரேக் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மாறாக, மோட்டார் நின்றிருக்கும்போதும் பிரேக் ரெசிஸ்டர் கொதித்தால் பிரேக் ஐஜிபிடி ஷார்ட். உடனே அணைக்க வேண்டிய நிலை அது.

கெப்பாசிட்டர் உப்பவில்லை. நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

உப்பியது கண்டிப்பாகக் கெட்டது. உப்பாதது நல்லது என்று சொல்ல முடியாது. எழுதியிருக்கும் மதிப்பில் 20 சதவீதம் குறைந்தால் ஆயுள் முடிந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டன்ஸோடு இஎஸ்ஆரையும் (கெப்பாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ்) அளக்க வேண்டும்.

பஸ்ஸில் பெரும்பாலும் இரண்டு 400 அல்லது 450 வோல்ட் கெப்பாசிட்டர்கள் சீரீஸில் இருக்கும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பேலன்சிங் ரெசிஸ்டர். நடுப்புள்ளியில் பஸ்ஸின் பாதி, அதாவது 290 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஒரு ரெசிஸ்டர் அறுந்தால் ஒரு கெப்பாசிட்டர் மட்டும் அதிகம் சுமந்து வெடிக்கும். ஒன்றை மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றுங்கள்.

எர்த் ஃபால்ட் வருகிறது. மெகர் போட்டுப் பார்க்கலாமா?

மெகர் என்பது உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மீட்டர். அதை மோட்டாருக்கும் கேபிளுக்கும் மட்டும் போடலாம், அதுவும் டிரைவிலிருந்து மூன்று வயரையும் கழற்றிய பிறகு. டிரைவ் டெர்மினலில் மெகர் வைத்தால் இல்லாத பழுதை நாமே உண்டாக்குகிறோம். 415 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் மெகர். 5 மெகாஓம் என்பது குறைந்தபட்ச எல்லை. நல்ல மோட்டார் அதைவிட வெகு மேலே காட்டும்.

மெகர் நன்றாக இருந்தும், கேபிள் இல்லாமலும் எர்த் ஃபால்ட் வந்தால் கரண்டை அளக்கும் ஹால் சென்சாரைப் பாருங்கள். மூன்று கரண்டையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும் என்பதே டிரைவின் கணக்கு. ஒரு சென்சார் சும்மா இருக்கும்போதே பொய் சொன்னால் கூட்டல் தப்பிவிடும். மோட்டார் நின்றிருக்கும்போது சென்சார் அவுட்புட்டுகளை அளந்தால் பொய்யன் யார் என்று தெரிந்துவிடும்.

ஓவர் டெம்பரேச்சர் அடிக்கடி வருகிறது. ஃபேன் ஓடுகிறதே?

ஓடுகிறது சரி, காற்று போகிறதா? ஹீட்சிங்க் இறகுகளை வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான டிரைவ்களின் முழு ரேட்டிங் 40 டிகிரி சுற்றுப்புறத்துக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மூடிய பேனலுக்குள் அது தாராளமாக 50-ஐத் தாண்டும். உயரமும் கணக்கு: 1000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1 சதவீதம் கரண்டைக் குறைக்கச் சொல்கிறார்கள். சுமார் 1850 மீட்டரில் இருக்கும் குன்னூர்த் தேயிலை ஃபேக்டரிக்கு டிரைவ் எடுக்கும்போது, குளிர்தானே என்று இதை விட்டுவிடக் கூடாது. காற்று மெலிதாக இருப்பதால் சூட்டைக் கொண்டுபோவதும் குறைவு.

மாட்யூல் மாற்றிய பிறகு இது தொடங்கியிருந்தால் தெர்மல் பேஸ்ட். அள்ளி அப்புவது உதவாது. உலோகத்தின் இடைவெளிகளை நிரப்பும் அளவு மெல்லிய படலம் போதும். ஸ்குரூக்களை எதிரெதிர் மூலையாக, டேட்டாஷீட் சொல்லும் டார்க்கில் முறுக்குங்கள்.

பழுது பார்த்த பிறகு முதல் முறை பவர் கொடுப்பது எப்படி?

நேரடியாகக் கொடுக்காதீர்கள். இரண்டு 100 வாட் குண்டு பல்புகளைச் சீரீஸில் போட்டு, இரண்டு பேஸ் மட்டும் கொடுங்கள். எல்இடி பல்பு ஆகாது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் பஸ் சார்ஜ் ஆகிவிட்டது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

ஆனால் இந்தப் பல்பு மெயினிலிருந்து வரும் கரண்டை மட்டுமே தடுக்கும். சார்ஜ் ஆன கெப்பாசிட்டர் ஐஜிபிடியின் பக்கத்திலேயே இருக்கிறது. ரன் கொடுத்து மேலும் கீழும் ஒன்றாகத் திறந்தால் அதில் இருக்கும் சக்தியே மாட்யூலைப் பிளந்துவிடும். அதனால் ரன் கொடுக்கும் முன், முடிந்த இடத்தில் பஸ்பாரைக் கழற்றி, கெப்பாசிட்டருக்கும் ஐஜிபிடிக்கும் நடுவே இன்னொரு ஜோடி பல்பு போடுங்கள். எல்லாம் சரியென்றால் மோட்டார் இல்லாமல் ஓடும்போது பல்புகள் எரியவே எரியாது. பிறகு பஸ்பாரை மாட்டி, சின்ன மோட்டார், அதன்பின் லோடு. லோடு இல்லாமல் ஓடியதை வைத்து கஸ்டமருக்கு அனுப்ப வேண்டாம்.

அவுட்புட் வோல்டேஜை மல்டிமீட்டரில் அளந்தால் தாறுமாறாகக் காட்டுகிறதே?

டிரைவ் வேகமாக ஆன், ஆஃப் செய்து உருவாக்கும் பிடபிள்யூஎம் அலையைச் சாதாரண டிஜிட்டல் மீட்டர் குழப்பிக்கொள்ளும். லோ பாஸ் ஃபில்டர் உள்ள மீட்டர் வேண்டும். அது இல்லையென்றால் ஓடும்போது பஸ் மைனஸுக்கும் யு, வி, டபிள்யூ ஒவ்வொன்றுக்கும் இடையே *டிசி* வோல்டேஜைப் பாருங்கள். மூன்றுமே பஸ்ஸின் பாதியாக, 290 அளவில் வர வேண்டும். எந்தப் பேஸ் விலகுகிறதோ அதில் ஒரு ஐஜிபிடி வேலை செய்யவில்லை.

செமிகண்டக்டர் ஃபியூஸ் கிடைக்கவில்லை. சாதாரண எச்ஆர்சி போடலாமா?

வேண்டாம். சாதாரண ஃபியூஸ் கேபிளைக் காக்கும். அது அறுவதற்குள் ரெக்டிஃபையர் போய்விடும்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

7.5 கிலோவாட் வரை, ரெக்டிஃபையரும் ஐஜிபிடியும் ஒரே மாட்யூலில் இருந்து அது வெடித்திருந்தால் புதிதே வாங்குங்கள் என்பேன். 30 கிலோவாட்டுக்கு மேல் பழுது பார்ப்பது பெரும்பாலும் லாபம். நடுவில் இருப்பவற்றில் வயசைப் பாருங்கள்: பத்து வருடம் ஓடிய டிரைவில் ஐஜிபிடி மட்டும் மாற்றினால், அடுத்து கெப்பாசிட்டர், ஃபேன் என்று வரிசையாக வரும்.

மாற்றும்போது அதே பார்ட் நம்பர், கடைசி எழுத்துவரை. புதுத் தலைமுறை ஐஜிபிடி வேகமாக அணையும். பழைய கேட் ரெசிஸ்டரோடு சேர்ந்தால் வோல்டேஜ் துள்ளல் கூடும். பேரலலில் இரண்டு இருந்து ஒன்று போயிருந்தால் இரண்டையும் மாற்றுங்கள்.

ஸ்டோரில் மூன்று வருடமாக ஸ்பேர் டிரைவ் இருக்கிறது. எடுத்து மாட்டலாமா?

உடனே முழு வோல்டேஜ் கொடுக்காதீர்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் சும்மா கிடந்தால் மெலியும். ஒரேயடியாக 580 வோல்ட் ஏறினால் கசிவுக் கரண்ட் கூடிச் சூடாகி வெடிக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தால் ரீஃபார்ம் செய்யச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. மோட்டார் இல்லாமல், வேரியாக் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாகச் சிறுகச் சிறுக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, முழு வோல்டேஜில் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். எவ்வளவு நேரம் என்று அந்த மாடலின் மேனுவலில் இருக்கும். ஸ்டோர் பொறுப்பாளரிடம் வருடத்துக்கு ஒரு முறை ஸ்பேர்களுக்குப் பவர் கொடுத்து, அட்டைப் பெட்டி மேலேயே தேதி எழுதச் சொல்லுங்கள்.